நகையும் அழுகையும் பிரியும் இடம்: தமிழ்த் திரை நகைச்சுவையின் சுருக்க மறுஒளிபரப்புகளும் சுவைஞர் நினைவும்

ஆய்வுச்சுருக்கம்

பழந்தமிழ்த் திரைப்படங்களின் நகைச்சுவைப் பகுதிகள் ஒலித்தட்டு, வானொலி ஒலிச்சித்திரம், தொலைக்காட்சித் துணுக்கு எனப் பல சுருக்க வடிவங்களில் மீண்டும் மீண்டும் மக்களை அடைந்துள்ளன. இச்சுருக்கங்கள் சிரிப்பைக் குறைத்துவிட்டன என்பதே சுவைஞர்களின் பொதுவான மனக்குறை. சிரிப்பு பெரும்பாலும் அப்படியே எஞ்சுகிறது என்றும், சிரிப்பை ஒட்டிநின்ற அழுகையே வெட்டுண்டு போகிறது என்றும் ‘திருவிளையாடல்’, ‘கல்யாணப் பரிசு’ ஆகிய படங்களை முதன்மைச் சான்றுகளாகவும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை அளவுகோலாகவும் கொண்டு இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, நகை, அழுகை, ஒலிச்சித்திரம், மறுஒளிபரப்பு, தருமி, சேலம் விநியோகப் பகுதி

படப்பெட்டியும் கத்தரியும்

தமிழ்த் திரைப்பட வணிகத்தில் ‘சேலம் ஏரியா’ என்பது தனித்த ஒரு விநியோகப் பகுதி. இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்கள் அதனுள் அடங்கும். படச்சுருளின் காலத்தில் படப்பெட்டிகள் இரயிலிலும் பேருந்திலும் ஊர் விட்டு ஊர் சென்றன. சேலம் சந்திப்பு இரயில் நிலையம் அமைந்திருக்கும் சூரமங்கலம் அத்தகைய போக்குவரத்துக்கு வாயிலாக விளங்கிய ஊர். நகரின் மறுபுறத்தில், ஏற்காடு சாலையில், டி.ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. படம் பிறந்த இடமும் படம் பெட்டியில் பயணப்பட்ட இடமும் ஒரே நகரின் இரு முனைகளாக அமைந்தமையால், ‘முழுப் படம்’ என்ற கருத்தை ஆராய்வதற்குச் சேலம் சமவெளி பொருத்தமான களமாகிறது.

பெட்டியில் வந்த படம் முழுமையாக வந்தது என்று கொள்வதற்கில்லை. முதல் வெளியீட்டு அரங்குகளில் ஓடித் தேய்ந்த படி, பின்னர்ச் சிற்றூர்க் கொட்டகைகளையும் டூரிங் டாக்கீஸ்களையும் அடைந்தது. அறுந்த இடத்தில் சில சட்டங்களை நீக்கிவிட்டு ஒட்டுவது இயக்குநர் அறைப் பணியாளரின் அன்றாட வேலை. இரண்டாம் ஆட்டம் உரிய நேரத்தில் முடிய வேண்டும் என்பதற்காகப் பாடலோ காட்சியோ நீக்கப்படுவதும் உண்டு. ஆகவே சுருக்கப்பட்ட மறுகாட்சி தொலைக்காட்சி கொண்டுவந்த புதுமையன்று. சமவெளியின் ஊர்ப்புறப் பார்வையாளர் பலர் ‘மூலம்’ என்று நினைவில் கொண்டிருப்பதே ஒரு வெட்டுப்படியாக இருக்கக்கூடும். பழைய படங்களைப் பற்றிய ஏக்கப் பேச்சுகளை மதிப்பிடும்போது இந்த உண்மை போதிய அளவு கருதப்படுவதில்லை.

இதனைப் பிரித்தானியத் தொலைக்காட்சிச் சூழலோடு ஒப்பிடலாம். 1981இல் பிபிசியில் தொடங்கிய ‘ஓன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்’ போன்ற தொடர்கள் விளம்பர இடைவேளையின்றி ஒளிபரப்பாவதற்கென எழுதப்பட்டவை. விளம்பரம் தாங்கிய அலைவரிசைகளில் அவை மீண்டும் வரும்போது சில நிமிடங்கள் கழிக்கப்படுகின்றன. இசையுரிமைச் சிக்கலால் பின்னணிப் பாடல்களும் மாற்றப்படுகின்றன. அங்குள்ள சுவைஞர் குறைப்படும்போது, ஒப்பிட்டுக் காட்டுவதற்கு ஓர் ஆசிரியர், ஓர் எழுத்துப்படி, ஓர் அளவு ஆகியன அவர் கையில் உள்ளன. தமிழ்ச் சூழலில் நிலைமை வேறு. இங்கே நகைச்சுவைப் பகுதி தொடக்கத்திலிருந்தே பிரித்தெடுக்கத்தக்க உறுப்பாகத்தான் படத்தில் இடம்பெற்றது. என்.எஸ். கிருஷ்ணன் – டி.ஏ. மதுரம் இணையின் பகுதிகள் தனியே எழுதப்பட்டு, தனியே படமாக்கப்பட்டு, முதன்மைக் கதையோடு சேர்க்கப்பட்டமை திரை வரலாற்றில் நன்கறியப்பட்டது. 1980களில் கவுண்டமணி – செந்தில் இணைக்கு ஏ. வீரப்பன் தனியாக நகைச்சுவைப் பகுதிகள் எழுதியதும் அதே மரபின் தொடர்ச்சியே. ஒட்டி வைத்த உறுப்பைப் பெயர்த்தெடுத்தால் என்ன இழப்பு என்று தொலைக்காட்சி நிலையத்தார் கேட்டால் அக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது.

விடை சொல்வதற்கு, ஒட்டு எந்த இடத்தில் விழுந்தது என்பதைப் படந்தோறும் பார்த்தாக வேண்டும்.

காதால் அறிந்த படம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. அதற்கு முன்பும், அதன் பின்னர் நெடுங்காலமும், ஒரு படத்தை மீண்டும் நுகர்வதற்கான முதன்மை வழி செவியாகவே இருந்தது. வானொலியின் ‘ஒலிச்சித்திரம்’ இரண்டரை மணி நேரத்துக்கும் மேற்பட்ட படத்தை ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் அடக்கியது. கதை வசன ஒலித்தட்டின் இடமோ இன்னும் குறுகலானது. நெடுந்தட்டின் ஒரு பக்கம் இருபது முதல் இருபத்தைந்து நிமிடங்கள் வரையே தாங்கும். திருமண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் கட்டிய ஒலிபெருக்கி வழியாக ‘திருவிளையாடல்’ வசனம் தெருமுழுதும் கேட்டது. படத்தைத் திரையில் ஒருமுறை பார்த்தவர், ஏன், ஒருமுறையும் பாராதவர்கூட அதன் உரையாடலை மனப்பாடமாகச் சொல்ல இயன்றது இதனால்தான்.

ஒலிச்சித்திரத்தைத் தொகுத்தவர்களின் பணி திறனாய்வில் உரிய இடம் பெறவில்லை. பேச்சில்லாத காட்சிகளைக் கேட்போர் பின்தொடர முடியாது என்பதால் அவற்றை அவர்கள் நீக்கினர். கதை அறுந்துவிடக் கூடாது என்பதால் அழுகைக் காட்சிகளையும் பிரிவுக் காட்சிகளையும் சுருக்கியேனும் தக்கவைத்தனர். நகைச்சுவைக் காட்சியும் துயரக் காட்சியும் ஒரு மணி நேர எல்லைக்குள் அடுத்தடுத்து நின்றன. பின்னர் வந்த தொலைக்காட்சித் துணுக்கோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். வானொலி ஒரு படத்தைச் சுருக்கியது. தொலைக்காட்சியின் நகைச்சுவைத் தொகுப்பு பல படங்களிலிருந்து ஒரு சுவையை மட்டும் வடித்தெடுத்தது. 1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கிய பின்னர் வலுப்பெற்ற இப்போக்கு, 2009இல் ‘ஆதித்யா’ போன்ற முழுநேர நகைச்சுவை அலைவரிசை தோன்றியதும் தனக்கெனத் தனி வடிவத்தை அடைந்தது. இருவகைச் சுருக்கத்தையும் ‘வெட்டு’ என்ற ஒரே சொல்லால் குறிப்பது பொருந்தாது.

தருமியின் வறுமை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களையும், அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களையும் வகுக்கிறது. வறுமை அழுகையின் பக்கம் வைக்கப்பட்டுள்ளமை இங்கு நினையத்தக்கது. வறியவனைக் கண்டு நகுவதற்கு இலக்கணத்தில் இடமில்லை. நகை பிறக்க வேண்டுமானால் அவனுடைய பேதைமையோ பிறருடைய எள்ளலோ இடையில் வந்தாக வேண்டும்.

இவ்வளவுகோலைக் கொண்டு தருமியை நோக்குக. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் ‘தருமிக்குப் பொற்கிழி அளித்த படலம்’ காட்டும் தருமி, தாய் தந்தையரை இழந்த இளைஞன். மணம் செய்துகொள்ளப் பொருளில்லாதவன். இறைவன் தந்த பாடல் அவையில் குற்றமுடையதெனத் தள்ளப்பட்டபோது நாணமுற்று இறைவனிடமே வந்து முறையிடுகிறான். இழவு, வறுமை, இளிவு என அழுகையின் நான்கு களன்களுள் மூன்று இவனிடம் கூடியுள்ளன. புராணத் தருமி நகைக்குரியவன் அல்லன்.

ஏ.பி. நாகராஜன் 1965இல் இயக்கிய படத்தில் இப்பாத்திரத்தை நாகேஷ் ஏற்றார். அழுகைக்குரிய பாத்திரத்தை நகைக்குரியதாக மாற்றியதே திரைக்கதையின் துணிவு. ஆயினும் அழுகையின் களன்களை நாகராஜன் அகற்றவில்லை. பேதைமையை அவற்றின்மேல் ஒரு போர்வையாக மட்டும் போர்த்தினார். ஆயிரம் பொன் என்ற அறிவிப்பைக் கேட்டுக் கோயிலில் நின்று தனியே புலம்புபவனின் பேச்சு சிரிப்பை எழுப்புகிறது. அப்பேச்சின் பொருளோ பசி. நாகேஷின் உடல்மொழியும் இதற்கு ஒத்துழைக்கிறது. மெலிந்த உடல், எந்த நேரமும் விலகி ஓட ஆயத்தமாக நிற்கும் கால்கள், பொன்னின் பெயர் கேட்டதும் உயர்ந்து உடனே தாழும் குரல் என இவையெல்லாம் சிரிப்பையும் இரக்கத்தையும் ஒரே இமைப்பொழுதில் வேண்டுகின்றன.

மறுஒளிபரப்புத் துணுக்குகளில் மிகுதியும் இடம்பெறுவது முதல் சந்திப்பு. தருமி புலம்புகிறான், இறைவன் புலவர் வடிவில் வருகிறார், தருமி வினவ அவர் விடையிறுக்கிறார், பாடல் கைமாறுகிறது. அத்துடன் துணுக்கு நிறைவடைகிறது. அடுத்து அவன் அவைக்குச் சென்று, பாண்டியன் பாராட்ட, பரிசு கைக்கு எட்டும் தறுவாயில் நக்கீரரின் தடையால் குறுகி நிற்கும் பகுதி பெரும்பாலும் விடுபடுகிறது. தோற்றுத் திரும்பித் தன்னைத்தானே நொந்துகொள்ளும் இரண்டாவது கோயில் காட்சி சில தொகுப்புகளில் இடம்பெற்றாலும், அவைக் காட்சி முன்னே இல்லாமையால் அது இளிவின் வெளிப்பாடாக அமையாமல் மற்றுமொரு கோமாளிக் குறும்பாகச் சுருங்குகிறது. ஒரே நடிப்பு, ஒரே சொற்கள். முன்னிருந்த காட்சி நீங்கியதும் மெய்ப்பாடே வேறாகிவிடுகிறது. ‘சிரிப்பைக் குறைத்துவிட்டார்கள்’ என்ற சுவைஞர் குறைபாடு இங்கே பொருந்தவில்லை என்பது வெளிப்படை. சிரிப்பு கூடியிருக்கிறது, அதற்குக் கொடுத்த விலைதான் தருமியின் இளிவு.

ஒலித்தட்டு இத்தவற்றைச் செய்யவில்லை. அவை வழக்கும் நக்கீரர் வாதமும் வசனச் சுவைக்காகவே அதில் இடம்பெற்றன. எனவே தருமியின் பேச்சைக் கேட்டவர் அவனுக்கு நேர்ந்ததையும் கேட்டார். காட்சியே இல்லாத ஒரு வடிவம், காட்சியுள்ள வடிவத்தைவிடப் படத்துக்கு நெருங்கி நின்றது என்பது வியப்புக்குரியதே.

நாகேஷின் பகுதி மேலோங்கிவிட்டதோ என்ற ஐயம் படப்பிடிப்புக் குழுவில் எழுந்ததாகவும், அதனைப் பார்த்த சிவாஜி கணேசன் அப்பகுதியில் எதையும் வெட்டக் கூடாது என்று கூறியதாகவும் திரையுலகில் பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. இச்செய்தி நடிகரின் பெருந்தன்மைக்குச் சான்றாகவே வழங்கிவருகிறது. அதனை வேறு விதமாகவும் வாசிக்க இடமுண்டு. இறைவனாக நடிப்பவருக்கு எதிரில் வறியவன் உண்மையிலேயே ஓங்கி நின்றால்தான் பின்னர் வரும் வழக்கில் இறைவன் வாதிட வேண்டிய தேவைக்கு வலுச் சேரும். சிவாஜி காக்க விரும்பியது ஒருவேளை தம் காட்சியின் அடித்தளத்தையும்தான்.

பைரவனின் பொய்

ஸ்ரீதரின் முதல் இயக்கமான ‘கல்யாணப் பரிசு’ 1959இல் வெளிவந்தது. மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீளும் துயரக் கதை. இன்று இப்படத்தின் பெயரைச் சொன்னால் பாடல்களுக்கு அடுத்தபடியாகப் பலர் நினைவுக்கு வருவது கே.ஏ. தங்கவேலுவும் எம். சரோஜாவும் தோன்றும் ‘மன்னார் அண்டு கம்பெனி’, ‘எழுத்தாளர் பைரவன்’ பகுதிகளே. சேலத்துக்கும் தங்கவேலுவுக்கும் ஓர் உறவு உண்டு. மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் வண்ணத்தில் வெளியிட்ட ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்திலும் அவர் நடித்திருந்தார். ஆயினும் அவரை இன்றளவும் வாழவைப்பது பைரவன்தான்.

இப்பகுதிகளில் கணவன் மனைவியிடம் பொய் சொல்கிறான். வேலையில்லாதவன் வேலையிருப்பதாக நடிக்கிறான். பின்னர் புகழ்பெற்ற எழுத்தாளர் தானேயென்று நம்பவைக்கிறான். ஒரு பொய்யைக் காக்க இன்னொரு பொய் எழுகிறது. இறுதியில் குட்டு வெளிப்படுகிறது. சினமும் சமாதானமும் ஆகிக் குடும்பம் தொடர்கிறது. முதன்மைக் கதையிலும் இதே அமைப்பு உள்ளதைத் திறனாய்வு கவனித்தாக வேண்டும். பாஸ்கரைக் காதலிக்கும் வசந்தி, தன் அக்காள் கீதாவும் அவனையே விரும்புவதை அறிந்து தன் காதலை மறைக்கிறாள். பாஸ்கர் கீதாவை மணக்கிறான். அந்த மணவாழ்வு முழுவதும் ஒரு மறைப்பின்மேல் நிற்கிறது. மறைப்பு வெளிப்படும்போது அங்கே சமாதானத்துக்கு வழியில்லை, கீதா இறக்கிறாள், குழந்தையை வசந்தியின் திருமணப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் பாஸ்கர் அகல்கிறான்.

ஆக, மனைவியிடம் உண்மையை மறைக்கும் இரு கணவர்கள் ஒரே படத்தில் நண்பர்களாக வைக்கப்பட்டுள்ளனர். ஒருவன் தன் மதிப்பைக் காக்கப் பொய் சொல்கிறான், அது நகையாகிறது. மற்றவன் பிறர் நலத்துக்காக மறைக்கிறான். அது இழவில் முடிகிறது. தன்னலப் பொய் மன்னிக்கப்படவும் தியாகத்தின் பொய் கொல்லவும் செய்கிறது என்பதே இவ்விணைப்பு தரும் கசப்பான செய்தி. தியாகத்தைப் போற்றும் படமாக மட்டுமே ‘கல்யாணப் பரிசு’ வாசிக்கப்பட்டுவந்தமைக்கு நகைச்சுவைப் பகுதி தனித்துணுக்காகப் பிரிந்து சென்றதும் ஒரு காரணம் எனலாம். நகைப்பகுதிகளை உருவாக்கியதில் சித்ராலயா கோபுவின் பங்கு பெரிது. எழுதியவர் வேறொருவராயினும் பகுதி கதையோடு ஒன்றியே நிற்கிறது. தனியே எழுதப்பட்டது தனியே பிரித்தெடுக்கத்தக்கது என்ற ஊகம் இங்கே உடைகிறது.

துணுக்கைப் பார்ப்பவருக்குப் பைரவன் ஒரு புளுகன், அவ்வளவே. பாஸ்கர் எங்கே என்று அவர் கேட்பதில்லை.

வெட்டைத் தாங்கும் காட்சிகள்

எல்லாப் பகுதிகளும் இவ்வாறு சிதைவதில்லை. 1964இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ செல்லப்பாவாக வரும் நாகேஷ், தந்தையாக வரும் டி.எஸ். பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சி எத்தனை முறை துண்டாக வந்தாலும் குன்றுவதில்லை. கதை சொல்லல் என்பதே தனக்குள் தொடக்கமும் உச்சமும் கொண்ட நிகழ்வு. கேட்பவரும் உடன் அமர்ந்திருக்கிறார். சிரிப்பின் பெரும்பகுதி சொல்பவரிடத்தில் இல்லை, கேட்கும் பாலையாவின் முகத்திலும் அவர் இடையிடையே எழுப்பும் ஒலிகளிலும் இருக்கிறது. இக்காட்சியை ஒலிச்சித்திரம் பாதிதான் தர முடியும். தொலைக்காட்சி முழுமையாகத் தருகிறது. இந்த இடத்தில் துணுக்கே மேம்பட்ட வடிவம் என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

கங்கை அமரனின் ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்தின் வாழைப்பழக் காட்சியும் இவ்வகையதே. இரண்டு வாழைப்பழம் வாங்கப் பணம் பெற்றுச் சென்றவன் ஒன்றோடு திரும்பி, மற்றொன்றும் அதுவே என்று சாதிக்கிறான். எண்ணுக்கும் பொருளுக்கும் இடையிலான இந்தத் தருக்கச் சிக்கல் எந்தக் கதையையும் சார்ந்ததன்று. ஆயினும் சிறிது எஞ்சுகிறது. சண்டையிடும் இருவரும் ஊர் ஊராகச் செல்லும் ஆட்டக் குழுவின் வாத்தியக்காரர்கள். அவர்களுக்கு ஒரு பழத்தின் விலை வீண்பேச்சுக்கு உரியதன்று. கவுண்டமணியின் சினத்தில் சிறிதளவு உண்மையான சினமும் உண்டு. அவருடைய பேச்சின் கொங்குச் சாயலைத் தம் வீட்டுப் பேச்சாகவே அறிந்த சேலம் – நாமக்கல் சமவெளிப் பார்வையாளர்க்கு அச்சினத்தின் தொனி கூடுதலாகவே புலப்படும். துணுக்கு அதனை அழிக்கவில்லை, மங்கச் செய்கிறது.

இச்சமவெளியின் தெருக்கூத்து மரபை இங்கு நினைவுகூர்தல் தகும். கூத்தின் கட்டியங்காரன் எள்ளி நகையாடுபவன். ஆயினும் துகிலுரிதல் நடக்கும்போதும் அவன் களத்தில்தான் நிற்கிறான். அவன் கேலி பேசிய அதே மண்ணில் பாஞ்சாலி அழுகிறாள். சிரித்தவர்கள் எழுந்து செல்ல வழியில்லை. விடியும்வரை இருந்தாக வேண்டும். கூத்தில் சிரிப்புக்கும் அழுகைக்கும் இடையே கத்தரி நுழைய முடியாது. திரைப்படம் கட்டியங்காரனுக்குத் தனிக் காட்சியைத் தந்தது. தொலைக்காட்சி அவனைக் களத்திலிருந்தே வெளியே அழைத்துச் சென்றது.

நினைவும் வகுப்பறையும்

பழைய நகைச்சுவையை நினைவுகூர்வோர் வசனத்தைத் துல்லியமாகச் சொல்கின்றனர். அது யாரிடம், எதன்பொருட்டுச் சொல்லப்பட்டது என்பதில் தடுமாறுகின்றனர். இதனை மறதி என்று தள்ளுவது எளிது. நினைவு, தான் பெற்ற வடிவத்தையே காக்கிறது என்று கொள்வதே பொருத்தம். துணுக்காகப் பெற்றவர் துணுக்காக நினைக்கிறார். முழுப்படங்கள் இன்று இணையத்தில் எளிதாகக் கிடைப்பினும், நகைச்சுவைப் பகுதியைத் தேடி நேரே அங்கே தாவும் வசதியும் உடன் கிடைக்கிறது. வெட்டும் கை நிலையத்தாரிடமிருந்து பார்ப்பவரிடம் இடம் மாறியிருக்கிறது.

தமிழ்க் கல்விப்புலத்துக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. குறுந்தொகையின் இரண்டாம் பாடலைக் கற்பிக்கும் வகுப்புகளில் தருமி காட்சியை எடுத்துக்காட்டுவது இன்று அரிதன்று. மாணவர் ஆர்வத்தோடு பார்க்கின்றனர். பாடலும் மனத்தில் பதிகிறது. ஆனால் காட்டப்படுவது பெரும்பாலும் வினாவிடைத் துணுக்கே. பெண்களின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்ற வழக்கு புலவர்களின் வித்தைப் போட்டியாக மட்டும் எஞ்சுகிறது. அப்பாடலை அவைக்குக் கொண்டுவந்தவன் அதன் பொருளை விளக்க இயலாமல், பலர் முன்னிலையில் பரிசிழந்து திரும்பினான் என்பது வகுப்பறையை எட்டுவதில்லை. கூந்தல் மணத்தைப் பற்றிய வாதத்தில் நக்கீரர் பக்கமா இறைவன் பக்கமா என்று மாணவரைக் கேட்கும் ஆசிரியர், தருமியின் பக்கம் என்றொரு விடையும் இருப்பதைக் காட்ட விரும்பினால், அவைக் காட்சியின் அந்தச் சில நிமிடங்களையும் சேர்த்தே திரையிட வேண்டியிருக்கும்.